மஞ்சள் கட்டிய தேசி மரம்

உள்ளே கோறை விழுந்த மரத்தைத் தட்டினால் அது கதவைப்போலச் சத்தமிடும். திடமான மரம் அப்படியில்லை. தட்டிய விரலுக்கு வலியைத் திருப்பித் தந்துவிட்டுப் பேசாமல் நிற்கும். இப்போதும் யார் வீட்டிலாவது அழைப்புமணி வேலை செய்யாமல் கதவைத் தட்ட நேர்ந்தால், விரல் முட்டியின் கீழ் அந்தப் பொந்துச் சத்தம் எழும்பினால், கதவு திறப்பதற்கிடையில் எனக்கு ஒரு தேசி மரம், எலுமிச்சைச் சாதி மரம், நினைவுக்கு வந்துவிடுகிறது. திறந்தவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன, களைச்சுப்போய் வந்திருக்கிறீர்?" என்று கேட்பார். ஓம் என்பேன். படியேறிய களைப்பென்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவருவார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஸ்டுட்கார்ட்டின் ஓரத்தில் ஒரு தோட்டப் பண்ணையில் எனக்கு வேலை. அதற்கு முன் ஹனோவரில் ஓர் உணவகத்துச் சமையலறை. அதற்கும் முன், பெயரைச் சொன்னால் ஜேர்மன்காரரே "அது எங்கே?" என்று கேட்கிற ஓர் ஊரில் சலவைச்சாலை. கதிரை சூடாகுமுன் எழும்பிவிடுகிற சுபாவம் எனக்கு. ஒவ்வோர் ஊரிலும் இதுதான் கடைசி என்று திரைச்சீலை தைப்பேன். தைத்தது அடுத்த ஊர் யன்னலுக்குக் கட்டையாக இருக்கும்.

அந்தப் பண்ணையின் குளிர்காலத் தொழில் விசித்திரமானது. பிறர் வீட்டு மரங்களை வாங்கி வைத்திருந்து, வசந்தத்தில் திருப்பிக் கொடுப்பது. ஜேர்மன்காரருக்கு எலுமிச்சையிலும் தோடையிலும் தீராத ஆசை. விடுமுறைக்கு இத்தாலிக்குப் போவார்கள். வரும்போது காரின் பின்சீட்டில் ஒரு மரத்தைக் கிடத்திக்கொண்டு வந்துவிடுவார்கள். வந்த பிறகுதான் குளிர்காலம் என்று ஒன்று இருப்பது நினைவு வரும். ஒக்டோபரில் கொண்டுவந்து இறக்குவார்கள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்ப்பதுபோல. வயதென்ன, போன வருடம் என்ன குறை, எவ்வளவு தண்ணீர் குடிக்கும். உறைபனியும் இல்லாமல் சூடும் இல்லாமல் வைத்திருக்கிற கண்ணாடிக் கூடத்துக்குள் மரங்கள் மாதக்கணக்காக நின்றபடி தூங்கும். மே நடுவில் கடைசிப் பனி கழிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி வெளியே தூக்க வேண்டும். தூக்குகிறவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருப்பதை அந்த வேலை ஒவ்வொரு மாலையும் எடுத்துச் சொல்லும்.

மரத்தைப் பொறுப்பெடுக்குமுன் முதலாளியம்மா அதன் சொந்தக்காரர் பார்க்கவே கத்திப் பிடியால் அடிமரத்தைத் தட்டுவார். நீங்கள்தான் கொன்றீர்கள் என்று பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாதல்லவா. பார்த்துப் பார்த்து நானும் தட்டப் பழகினேன். கோறைச் சத்தம் கேட்டால் அந்த மரம் உள்ளே வராது. இலை பச்சையாக இருக்கும், பூ மணக்கும், காய் தொங்கும். ஆனாலும் வராது. எங்கோ ஒரு பழைய வெட்டு, ஒரு முறிவு, பனி பிளந்த பட்டை. அதன் வழியாகப் பூஞ்சை நுழைந்திருக்கும். அது அவசரப்படாது. உயிருள்ள பட்டையையும் அதன் கீழே தண்ணீர் ஏறுகிற பச்சை மரத்தையும் பெரும்பாலும் விட்டுவிட்டு, நடுவில் உயிர் ஓய்ந்த பகுதியைத் தின்னும். வைரம் என்று சொல்கிறோமே, அதை. வெளியே காளானாக முகம் காட்டும் நேரத்தில் உள்ளே பந்தி பாதி முடிந்திருக்கும். மருந்து கிடையாது. மரம் உடனே சாகவும் சாகாது. வருடக்கணக்காக அப்படியே பூத்துக் காய்த்துக்கொண்டு நிற்கும், ஒரு காற்று வரும்வரை. பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குத்தான் அது அலுப்பு.

நான் குடியிருந்த கட்டடத்தில், எனக்குக் கீழ்வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். உறவில்லை. யாழ்ப்பாணத்து ஆள், என்னிலும் மூத்தவள், அதனால் அக்கா. அகதியாக வந்த புதிதில், கடையில் வாங்கிய தேசிக்காயின் விதையொன்றை யோகட் குவளையில் ஊன்றியிருக்கிறாள். அது மரமாகி, தொட்டி மாறி மாறி, கெண்டைக்கால் மொத்தத்துக்கு அடிமரம் வைத்து, கோடையில் பல்கனியிலும் குளிர்காலத்தில் கட்டடத்தின் அடியில் உடுப்புத் தோய்க்கிற கெல்லரிலும் நின்றது. சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஆட்கள் யார் கார் வாங்கினாலும், பழைய காரென்றாலும், சில்லுக்கடியில் வைத்து நசுக்க அவளிடம்தான் தேசிக்காய் கேட்டு வருவார்கள். "ஏன், கடைத் தேசிக்காயை நசுக்கினால் கார் ஓடாதோ?" என்று கேட்டபடியே பறித்துக் கொடுப்பாள்.

அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பிள்ளைகள் இல்லை. அதை வைத்து யாராவது "இதுதானே அக்கா உங்கட பிள்ளை" என்று மரத்தைத் தடவினால் விடமாட்டாள். "பிள்ளையெண்டால் இவ்வளவுக்கு வேலைக்குப் போய் உழைச்சுத் தந்திருக்கும். இது இருந்து தின்னுது."

ஜேர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக லண்டனுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அக்காவின் புருஷனை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அண்ணையின் சகோதரர்கள் எல்லோரும் லண்டனில். அவர்களோடு பங்குக்கு ஒரு கடை எடுத்துக்கொண்டு, "நீர் வீட்டை ஒதுக்கிப்போட்டுப் பின்னால வாரும்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அக்கா போகவில்லை. நாற்பது கழிந்த பிறகு முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி எடுத்து, தன் வயதில் பாதிகூட இல்லாத பெட்டைகளோடு வகுப்பில் குந்தியிருந்து, மருந்துப் பெயர்களைக் கழிவறைச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்துப் பாஸானவள். வேலையும் கிடைத்துவிட்டது. "லண்டனில போய் என்ன செய்யிறது? அவரின்ர அண்ணன்மாரின்ர கடையில நிண்டு வெங்காயம் நிறுக்கிறதோ?" என்று என்னிடம் சொல்லுவாள். புருஷனிடம் சொல்லமாட்டாள். அவரிடம் சொன்னது வேறு. மரத்தை இப்படியே விட்டிட்டு வரேலாது. இந்தக் குளிர் கழியட்டும். இந்தக் காய் பழுக்கட்டும்.

ஓர் ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமை மரத்தைக் கெல்லருக்கு இறக்க என்னைக் கூப்பிட்டாள். அந்த வருடம் என்றுமில்லாத காய். இலைகளுக்கு இடமில்லாமல் காய்த்திருந்தது. தொட்டி மண்ணிலிருந்து ஒரு முழம் மேலே, அடிமரத்தில், பூப்போட்ட நூல்சேலைத் துண்டொன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

"இதென்னக்கா, மரத்துக்குப் பாவாடை?"

"பகிடி விடாத. காயம்."

"என்ன காயம்?"

"அந்த மனிசன் செய்த வேலை. இனி நீர் தனியத்தானே இறக்கவேணும், கெல்லர்க் கதவுக்குள்ள கொள்ளாது எண்டு சொல்லி, பெரிய கொப்பை அறுத்துப்போட்டெல்லோ போனவர். போற அண்டைக்குக் காலமை. சப்பாத்தும் போட்டு, ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு நிண்டு அறுத்தவர். நான் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைச்சு அப்பிக் கட்டினன். பச்சைக் காயத்தை எப்பிடித் திறந்து விடுறது?"

"அண்ணை போய் ஒண்டரை வருசமெல்லோ. பிறகு அவிழ்க்கவே இல்லையோ?"

"ஆறட்டும் எண்டு விட்டன்."

முடிச்சு அவிழவில்லை, வெட்டினேன். ஈரக் கெல்லரின் வாசமும் பழைய மஞ்சளின் வாசமுமாக ஒன்று முகத்தில் வந்து அடித்தது. சேலைத் துணி பட்டையோடு ஒட்டிக் கருத்திருந்தது. அதை உரிக்க, வெட்டு வாயின் கீழ் உதட்டில் வெள்ளையாக ஒரு படை. அப்பத்தின் ஓரம்போல மெல்லிசு, அடிப்பக்கம் முழுக்க ஊசித் துளைகள்.

அக்கா குனிந்து பார்த்தாள். "வடிவாக் கிடக்கு. கறி வைக்கேலுமோ?"

நான் கத்தி முனையை வெட்டுக்குள் வைத்தேன். அழுத்தவே இல்லை, போய்விட்டது. வெளியே எடுத்தபோது மண்ணிறக் கட்டிகள் உதிர்ந்து விரலில் பொடியாயின, பழைய பனங்கட்டி போல. பிறகு பிடியால் அடிமரத்தைத் தட்டினேன். டொக், டொக். கீழே வேர்க்கழுத்துவரை அதே சத்தம்.

"கதவைத் திற, ஆரோ வந்திருக்கினம்" என்றாள் அக்கா. சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

சொன்னேன். பூஞ்சை. நடுவைத் தின்று முடிக்கிறது. சுரண்டி எடுக்க முடியாது, அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தையும் தாண்டிப் போயிருக்கும்.

"அப்ப சாகப்போகுதோ?"

"உடன சாகாது. அஞ்சு வருசமும் நிக்கலாம். ஒரு நாள் பாரம் தாங்காமல் முறியும்."

தொட்டி விளிம்பில் குந்தினாள். முகத்தில் துக்கம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது துக்கமல்ல, ஒரு கணக்கு. "அப்ப இதுக்கு வைத்தியம் பார்க்கவேணும் எண்டு சொல்லலாம்."

"வைத்தியம் இல்லையக்கா."

"இல்லையெண்டு லண்டனில ஆருக்குத் தெரியும்? நீ அங்கதானே வேலை செய்யிறாய். அவர் கேட்டால், கண்ணாடி வீட்டில ஒரு வருசம் வைச்சுப் பார்க்கவேணும் எண்டு சொல்லு. உன்ர சொல்லை நம்புவார்."

பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்து, மறுநாள் முதலாளியம்மாவிடம் கேட்டேன், கூடத்தில் ஒரு மூலை தருவாரா என்று. நான் கொண்டுபோன மண்ணிறக் கட்டியொன்றை உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தார். நூறு பேரின் மரங்கள் வெட்டுக் காயங்களோடு நிற்கிற இடத்துக்கு இந்தக் காளானை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டார். மரத்துக்கு நம்மைப்போலப் புண் ஆறுவதில்லை என்றார். அது சுற்றிவரச் சுவர் கட்டும். சில வேளை சுவர் வெல்லும், சில வேளை பூஞ்சை. திறந்து காய விட்டிருந்தால் சுவருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். துணியைக் கட்டி ஈரத்தைக் காவல் காத்தது யார்?

மஞ்சளைப் பற்றி எப்படி ஜேர்மன் மொழியில் விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. "அன்பால் கட்டியது" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

அக்காவிடம் வந்து சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்தாள். மறுபடி நிரப்பினாள். "அவர் அறுத்தார், நான் மூடிக் கட்டினன்" என்றாள். "நல்ல குடும்பம்."

பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு மாலை, அண்ணை என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்கு அதுவரை அவர் எடுத்ததில்லை.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லும். மரம் செத்துப்போச்சோ?"

"இல்லை அண்ணை. உள்ளுக்கு உக்கிப்போச்சு. ஆனால் சாகேல்லை."

"செத்துப்போச்சு எண்டு சொல்லும்."

"ஆருக்கு?"

"அவவுக்குத்தான். நீர் சொன்னால் கேப்பா. தூக்கி எறிஞ்சுபோட்டு வரட்டும். நான் இஞ்ச விடியக் கடை திறந்து, பொழுதுபட வந்து, முந்தநாள் சோத்தைச் சூடாக்கித் தின்னுறன். அண்ணன்மாரின்ர மனிசிமார் ஒவ்வொரு நாளும், 'எங்க அவ? எப்ப வாறா?' எண்டு கேக்கினம். மரத்தைச் சாட்டி எத்தினை மாசம்? ஆக்களுக்குச் சொல்லேலுமோ இதை? என்ர மனிசி ஒரு தேசிமரத்துக்காக நிக்கிறா எண்டு?"

குரல் கோபமாகத் தொடங்கிக் களைப்பாக முடிந்தது. பார்ப்போம் அண்ணை என்று வைத்துவிட்டேன். மேலே தொலைபேசி, கீழே அக்கா. ஒருவருக்கு மரம் பிழைக்க வேண்டியிருந்தது, மற்றவருக்குச் சாக வேண்டியிருந்தது. மரமோ இரண்டுக்கும் இணங்காமல் கெல்லரில், பிறருடைய ஈர உடுப்புகளுக்கிடையில் நின்றது. உடுப்புத் தோய்க்கப் போகிறபோதெல்லாம் அதைப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்கலாம் என்று வேறு ஊர்களில் வேலை விளம்பரம் தேடத் தொடங்கினேன். அதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

மே மாதம் வந்தது. நாள் முழுக்கப் பிறர் மரங்களை வெளியே தூக்கி வைத்துவிட்டு, கை இரண்டும் எனக்குச் சொந்தமில்லாததுபோல வீட்டுக்கு வந்தால், கட்டட வாசலில் வெள்ளை வான் ஒன்று. திசைதிருப்பி, அதன் ஸ்டியரிங், வலது பக்கத்தில் இருந்தது; லண்டன் வான். பின்கதவு திறந்து, உள்ளே பழைய மெத்தைகளும் கயிறும். அண்ணை இளைத்திருந்தார். அக்காவும் அவருமாக மரத்தைக் கெல்லரிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"வாரும் தங்கச்சி, நல்ல நேரம்" என்றார் அண்ணை. "மரத்துக்காகத்தானே இவ நிண்டவ? இந்தா, மரத்துக்கும் வண்டி கொண்டந்திருக்கிறன். அங்க வீட்டுக்குப் பின்னால வளவு கிடக்கு. இஞ்சத்தையப்போல பனியுமில்லை. நீர் சொல்லும், ஏத்தலாமோ?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஏலாது என்று சொல், ஒரு சொல்தான், சொல். இவ்வளவு மாதமாக அவள் கட்டி வைத்திருந்ததையெல்லாம் அந்த மனிதர் ஒரு வாடகை வானால் அவிழ்த்துவிட்டிருந்தார். மரமும் போனால் அவளுக்கு நிற்க ஒரு காரணமில்லை. எனக்கு இடுப்பும் நாரியும் உளைந்தன. பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

"ஏத்தலாம் அண்ணை. வழியில முறியலாம், முறியாமலும் விடலாம். இஞ்ச நிண்டாலும் அப்பிடித்தான்."

"பாத்தீரே!" என்றார் அண்ணை.

"அறுக்காமல் விட்டிருந்தால் இந்தக் கதையே வந்திராது" என்றாள் அக்கா, மரத்தைப் பார்த்து.

"நான் அறுத்தது உமக்காக. நீர் தனிய இறக்கவேணுமெண்டு."

"அறுத்தால் நான் தனிய இறக்குவன் எண்டு அப்பவே தெரிஞ்சிருக்கு."

"நீர் ஏன் மூடிக் கட்டினீர்? கறிச் சரக்கைப் பூசினால் மரம் தாங்குமோ?"

"ஓம், நான்தான் கட்டினன்." அவள் ஒரு காய்ந்த இலையை எடுத்து மடித்தாள், விரித்தாள். "இஞ்சருங்கோ. மரத்தைக் கொண்டுபோங்கோ."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"மரத்தை மட்டும்."

மேல்மாடியில் யாரோ பல்கனிக் கதவைத் திறந்து, எங்களைக் கண்டு, மறுபடி சாத்தினார்கள்.

"என்ன கதை கதைக்கிறீர்?"

"மரத்தைச் சாட்டி உங்களை அலைக்கழிச்சுப்போட்டன். அது என்ர பிழை. எனக்கு வர விருப்பமில்லை. அவ்வளவுதான். எனக்கு இஞ்ச வேலை இருக்கு. படிச்சு எடுத்த வேலை. அந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு."

"கிழடுகளுக்குக் குண்டி கழுவுறதோ பிடிச்சிருக்கு?"

"ஓம். பிடிச்சிருக்கு."

அவ்வளவு மெல்லச் சொன்னாள். அண்ணை வாசல் படியில் குந்திவிட்டார். சண்டை பிடிக்க வந்தவராகத் தெரியவில்லை. இரவு முழுக்க வான் ஓட்டி வந்த ஒரு மனிதராகத்தான் தெரிந்தார். "மரத்தை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். யாரைக் கேட்டாரோ.

"கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணி விடுங்கோ" என்றாள் அக்கா. "குழாய்த் தண்ணி வேண்டாம், சுண்ணாம்பு கூடுதலா இருக்கும். மழைத் தண்ணியைப் பிடிச்சு வையுங்கோ. இனி அந்த இடத்தில ஒண்டையும் கட்டவேண்டாம்."

அன்றிரவு அவர் கீழ்வீட்டில்தான் படுத்தார். தரைக்குக் கீழே பேச்சுக் கேட்கவில்லை, அழுகையும் கேட்கவில்லை. ஒரு முறை பாத்திரச் சத்தம். யாரோ தேநீர் போட்டிருக்க வேண்டும். இருவரும் உடைந்து கத்தியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் போலிருந்தது.

காலையில் வேலைக்கு இறங்கியபோது அண்ணை வான் பக்கத்தில் நின்று மெத்தைகளை விரித்துக்கொண்டிருந்தார். "வெறும் வண்டியைக் கொண்டுபோகேலாது தங்கச்சி" என்றார், நான் கேட்காமலே. "போனவுடன அண்ணன்மார் பின்கதவைத் திறந்து பாப்பினம்." காய்களையெல்லாம் அக்கா முதலிலேயே பறித்துவிட்டிருந்தாள், பாரம் குறையட்டும் என்று. மூவருமாக மரத்தைச் சரித்தோம். கோறைப் பக்கம் மேலே வரும்படி நான் பிடித்தேன், அக்கா தொட்டியைப் பிடித்தாள், அண்ணை உள்ளே நின்று இழுத்தார். எங்கோ ஒரு நார் நெரிந்த சத்தம். மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம். முறியவில்லை. அக்கா தன் போர்வையொன்றைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றப் போனாள். பாதியில் நிறுத்தி, போர்வையை மடித்து, மரத்துக்கும் வான் சுவருக்கும் நடுவில் செருகினாள்.

பிறகு ஒரு பையில் சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்தாள். அவர் வாங்கி முன்சீட்டில் வைத்தார். எந்தச் சீட்டில் ஆள் இருக்க வேண்டியிருந்ததோ அந்தச் சீட்டில். இருவரும் அதைப் பார்த்தார்கள். நான் என் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

அண்ணை ஏறினார். இயந்திரத்தை முடுக்கினார். கண்ணாடியை இறக்கினார். அக்கா வீட்டுச் செருப்போடு, கையைக் கம்பளிச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நடைபாதையில் நின்றாள். வான் அதிர்ந்துகொண்டு நின்றது, போகவில்லை.

"உள்ள போமன். குளிருது."

"முதல் நீங்கள் வெளிக்கிடுங்கோ."